ஹோம் பதிப்பா, ப்ரோ பதிப்பா: விண்டோஸ் 11 வாங்கும்போது எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஏட்டுச்சுவடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். புதிய மடிக்கணினி ஒன்று வாங்கவிருக்கிறேன். ஒரே செயலி, ஒரே நினைவகம், ஒரே திரை கொண்ட கணினி விண்டோஸ் 11 ஹோம் பதிப்புடனும் கிடைக்கிறது, ப்ரோ பதிப்புடனும் கிடைக்கிறது. ப்ரோவுக்குக் கூடுதலாகச் செலவாகும் என்பதால், அந்தச் செலவு தேவைதானா என்று அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். பிறருடைய வங்கி விவரங்களும் சம்பளப் பட்டியல்களும் என் கணினியில் இருக்கும்; கணினி தொலைந்தாலும் அவை வேறொருவர் கையில் சிக்கக் கூடாது. வெளியே இருக்கும்போது வீட்டிலுள்ள மேசைக் கணினியைத் திறந்து கோப்புகளைப் பார்க்க வேண்டிய தேவையும் அவ்வப்போது வருகிறது. இரண்டு பதிப்புகளையும் ஒப்பிடும் அட்டவணைகளைப் படித்துப் பார்த்தேன். எந்த வசதி எதில் உண்டு, எதில் இல்லை என்பது அவற்றில் இருக்கிறது. ஆனால் அந்த வசதி இல்லாவிட்டால் அன்றாட வேலையில் என்ன தடைப்படும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லவில்லை. ப்ரோ பதிப்பு வேகமாக இயங்கும் என்று ஒரு நண்பர் உறுதியாகக் கூறுகிறார். அது உண்மையா?

விசைப்பலகை

முதலில் வேகத்தைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிடலாம். இரண்டு பதிப்புகளின் அடித்தளமும் ஒன்றே. இயங்குதளத்தின் உட்கருவான கர்னல், இயக்கிகள், கோப்பு முறைமை, நினைவகத்தைக் கையாளும் முறை ஆகிய எவற்றிலும் வேறுபாடு இல்லை. ஒரே வன்பொருளில் ஹோம் பதிப்பில் மெதுவாகத் திறக்கும் மென்பொருள் ப்ரோவிலும் மெதுவாகத்தான் திறக்கும். கூடுதல் பணத்தை வேகத்துக்காகச் செலவிட எண்ணினால், அதை ரேமுக்கோ பெரிய எஸ்எஸ்டிக்கோ கொடுப்பதே பயனுள்ளது.

பாதுகாப்பிலும் அடிப்படையானவை அனைத்தும் பொதுவானவை. டிஃபெண்டர் வைரஸ் தடுப்பு, ஃபயர்வால், செக்யூர் பூட், விண்டோஸ் ஹலோ, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேரிலிருந்து கோப்புறைகளைக் காக்கும் ஏற்பாடு ஆகியவை ஹோமிலும் முழுமையாக உண்டு. மாதந்தோறும் வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் இரண்டுக்கும் ஒரே நாளில் வருகின்றன.

அப்படியானால் ப்ரோவில் இருப்பது என்ன என்று கேட்டால், கணினியை நிர்வகிக்கும் அதிகாரம் என்று சொல்வேன். நிறுவனம் தன் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனிலோ, மைக்ரோசாஃப்டின் மேகக்கணி அடையாளச் சேவையான என்ட்ரா ஐடியிலோ கணினியை இணைப்பது, குரூப் பாலிசி வழியாக விதிகளை வகுப்பது, டிஸ்க்கிலுள்ள தரவைப் பூட்டும் பிட்லாக்கரின் முழுக் கட்டுப்பாடு, தொலைவிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்பது, கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாக இயக்கும் ஹைப்பர்-வி, தனித்த சோதனைச் சூழலான விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஆகியவையே அந்தப் பட்டியலில் முக்கியமானவை. இவற்றில் ஒன்றேனும் உங்கள் வேலைக்கு இன்றியமையாதது என்றால் ப்ரோ வாங்குங்கள். இல்லையென்றால் ஹோம் போதும். "எதற்கும் இருக்கட்டும்" என்று வாங்கிவைப்பதில் பொருளில்லை. ஏன் என்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

காவலரண்

கேள்வி கேட்டவரின் தொழிலைப் பார்க்கும்போது, இந்த விவாதத்தில் அவருக்கு மிக முக்கியமானது குறியாக்கம்தான், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவைப்பது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனெனில் "ஹோமில் குறியாக்கம் இல்லை, ப்ரோவில் உண்டு" என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது சரியான விவரிப்பு அன்று.

ஹோம் பதிப்பிலும் "சாதனக் குறியாக்கம்" என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. உள்ளே இயங்குவது பிட்லாக்கரின் அதே தொழில்நுட்பம்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தவுடன் அது தானாகவே முழுமை பெற்று, 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியை அந்தக் கணக்கில் சேமித்துவிடுகிறது. முன்பு இதற்கு வன்பொருள் நிபந்தனைகள் கடுமையாக இருந்ததால் பல கணினிகளில் இது கிடைக்கவில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 வெளியீட்டில் அந்த நிபந்தனைகள் தளர்த்தப்பட்டதால், இப்போது புதிதாக வாங்கும் பெரும்பாலான கணினிகளில், ஹோமானாலும் ப்ரோவானாலும், முதல் நாளிலேயே இது செயல்படத் தொடங்கிவிடுகிறது. ஆகவே மடிக்கணினியைத் திருடியவர் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிப் படிக்க முயன்றால், ஹோம் பதிப்பிலும் அவருக்கு ஒன்றும் கிடைக்காது.

வேறுபாடு தொடங்கும் இடம் வேறு. ஹோமில் உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பொத்தான்: குறியாக்கம் இருக்கட்டும் அல்லது வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல், அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும் உள்ளகக் கணக்கை மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால், தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் அதன் பூட்டு மூடப்படாமலேயே நிற்கும். அமைப்புகளில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், குறியாக்கத்தை முடிக்க மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழையுமாறு கேட்கும். இதைக் கவனிக்காமல், குறியாக்கம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ப்ரோவில் அந்தக் கட்டாயம் இல்லை. உள்ளகக் கணக்கிலேயே பிட்லாக்கரை இயக்கி, மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டோ பென் டிரைவில் சேமித்தோ நீங்களே வைத்துக்கொள்ளலாம். கணினியில் உள்ள இரண்டாவது டிஸ்க்கை மட்டும் தனியாகக் குறியாக்கம் செய்யலாம். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே ஒரு பின் எண்ணைக் கேட்கும்படி அமைக்கலாம்.

கணக்கு எழுதுபவருக்கு இன்னொன்று முக்கியம்: பென் டிரைவுகள். வாடிக்கையாளரிடமிருந்து கோப்புகளை வாங்கி வரும் பென் டிரைவையோ வெளிப்புற ஹார்டு டிஸ்க்கையோ பிட்லாக்கரால் பூட்டுவதற்கு ப்ரோ தேவை. அப்படிப் பூட்டியதை ஹோம் கணினியில் கடவுச்சொல் கொடுத்துத் திறக்கலாம். ஆனால் புதிதாகப் பூட்ட முடியாது. என்னைக் கேட்டால், மடிக்கணினி தொலைவதைவிடப் பென் டிரைவ் தொலைவதே மிகுதி. காப்புப் பிரதிகளும் அதில்தான் இருக்கின்றன.

எந்தப் பதிப்பாக இருந்தாலும் ஒன்றைச் செய்யுங்கள். மீட்புச் சாவி எங்கே இருக்கிறது என்பதை இன்றே பார்த்து, அந்தக் கணினிக்கு வெளியே ஓரிடத்தில் எழுதி வையுங்கள். மதர்போர்டை மாற்றினாலோ, சில வேளைகளில் மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தாலோகூட, நீலத் திரை தோன்றி அந்த 48 இலக்கங்களைக் கேட்கும். அப்போது சாவி இல்லையென்றால் கோப்புகளை எவராலும் மீட்டுத் தர முடியாது, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் முடியாது.

ஏட்டுச்சுவடி

மிக்க நன்றி, காவலரண் அவர்களே. நான் உள்ளகக் கணக்கைத்தான் விரும்புகிறேன் என்பதால், நீங்கள் சொன்ன "மூடாத பூட்டு" எனக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பென் டிரைவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. தொலைவிலிருந்து இணைவதைப் பற்றியும் யாராவது விளக்க முடியுமா? மடிக்கணினி, மேசைக் கணினி இரண்டிலுமே ப்ரோ வேண்டுமா?

திசைமானி

இரண்டிலும் வேண்டியதில்லை. எந்தக் கணினியின் திரையைத் தொலைவிலிருந்து பார்க்க விரும்புகிறீர்களோ, அதில் மட்டும் ப்ரோ இருந்தால் போதும். ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பைத் தொடுக்கும் செயலி எல்லாப் பதிப்புகளிலும் உண்டு, கைப்பேசிக்கும் உண்டு. இணைப்பை ஏற்கும் பகுதிதான் ஹோமில் மூடப்பட்டிருக்கிறது. உங்கள் நிலையில் வீட்டிலுள்ள மேசைக் கணினிக்கு ப்ரோ. கையோடு கொண்டுசெல்லும் மடிக்கணினிக்கு, இந்தத் தேவையைப் பொறுத்தமட்டில், ஹோமே போதுமானது.

இணைக்கும்போது இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். நீங்கள் நாள்தோறும் உள்நுழையப் பயன்படுத்தும் பின் எண் தொலைவிணைப்பில் செல்லாது. கணக்கின் கடவுச்சொல்தான் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கென்றால் இணைப்பு மறுக்கப்படும். மேலும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் அந்தக் கணினியைப் பயன்படுத்த முடியும். நீங்கள் வெளியிலிருந்து நுழைந்தவுடன் வீட்டிலுள்ள திரை பூட்டிக்கொள்ளும். அங்கே அமர்ந்து வேலை செய்துகொண்டிருப்பவர் வெளியேற்றப்படுவார்.

இவற்றைவிட முக்கியமானது பாதுகாப்பு. ரிமோட் டெஸ்க்டாப் 3389 என்ற போர்ட்டை, அதாவது வலையமைப்பு இணைப்புக்கான எண்ணிட்ட வாயிலை, பயன்படுத்துகிறது. வீட்டு ரவுட்டரில் அந்தப் போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திறந்திருக்கும் 3389-ஐத் தேடி, கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ரான்சம்வேர் கும்பல்கள் உள்ளே நுழைந்த வழிகளில் இது மிகப் பழையது. 2019 மே மாதத்தில் வெளியான புளூகீப் என்ற குறைபாட்டுக்குக் கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை. அது விண்டோஸ் 7, எக்ஸ்பி போன்ற பழைய வெளியீடுகளைப் பாதித்தது. போர்ட்டைத் திறப்பதற்குப் பதிலாக, வீட்டு வலையமைப்புக்குள் விபிஎன் என்ற குறியாக்கம் செய்த தனிப்பாதை வழியாக நுழைந்து, அதற்குள்ளிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பைத் தொடுப்பதே முறையானது.

தேவை எப்போதாவது மட்டும்தான் என்றால், இதற்காக ப்ரோ வாங்க வேண்டியதே இல்லை. குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்றவை ஹோம் பதிப்பிலும் இயங்குகின்றன. ஹோமில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிடுவதாகச் சொல்லி இணையத்தில் உலவும் ஒட்டுக் கோப்புகளை மட்டும் நம்பாதீர்கள். அவை உரிம விதிகளுக்கு முரணானவை என்பதோடு, ஒவ்வொரு பெரிய புதுப்பிப்புக்குப் பிறகும் உடைந்துபோகின்றன. பிறர் பணத்தின் விவரங்கள் இருக்கும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

நிரலோடை

நான் மென்பொருள் எழுதுபவன். கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் மெய்நிகர் கணினிகளைப் பொறுத்தவரை, ஹோம் பதிப்பின் குறை பலரும் நினைக்கும் அளவுக்குப் பெரியதன்று. ஹைப்பர்-வி மேலாளர் ஹோமில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் அடியிலுள்ள, மெய்நிகர் கணினிகளை இயக்கும் அடுக்கான ஹைப்பர்வைசர் ஹோமிலும் இருக்கிறது. அதனால்தான் லினக்ஸை விண்டோஸுக்குள் இயக்கும் டபிள்யூஎஸ்எல் 2, 2020-ஆம் ஆண்டு முதல் ஹோம் பதிப்பிலும் தடையின்றி இயங்கி வருகிறது. மெய்நிகர் கணினிகளை இயக்கும் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளையும் நிறுவிக்கொள்ளலாம். நிரல் கற்கும் மாணவர்களுக்கு இவையே தாராளமாகப் போதும்.

ப்ரோவில் நான் உண்மையிலேயே மதிப்பது விண்டோஸ் சாண்ட்பாக்ஸ். ஐயத்துக்குரிய ஒரு கோப்பு மின்னஞ்சலில் வந்தால், சாண்ட்பாக்ஸைத் திறந்து, அதற்குள் தோன்றும் வெற்று விண்டோஸில் அந்தக் கோப்பை ஒட்டித் திறந்து பார்க்கலாம். சாளரத்தை மூடியதும் உள்ளே நடந்தவை அனைத்தும் அழிந்துவிடும். வருபவரைத் திண்ணையோடு பேசி அனுப்பிவிடும் ஏற்பாடு இது. பலரிடமிருந்து விலைப்பட்டியல்களைப் பெறும் கணக்கருக்கு இது பயன்படும் என்றே நினைக்கிறேன்.

நெடுநோக்கு

மேலே எழுதியவர்களோடு ஓரிடத்தில் நான் மாறுபடுகிறேன். "தேவையில்லாவிட்டால் ஹோம் போதும்" என்ற அறிவுரை, புதுப்பிப்புகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்குப் பயன்படும் கணினியில் எது, எப்போது மாற வேண்டும் என்பதை அதன் உரிமையாளர்தான் முடிவு செய்ய வேண்டும். ஹோமில் புதுப்பிப்புகளை அதிகபட்சம் 5 வாரங்கள் நிறுத்திவைக்கலாம். அதன் பிறகு நிலுவையில் உள்ளவற்றை நிறுவினால்தான் மறுபடியும் நிறுத்த முடியும். ப்ரோவிலோ குரூப் பாலிசி வழியாக, புதிய வசதிகளைக் கொண்டுவரும் பெரிய புதுப்பிப்பை 365 நாள்கள் வரையிலும், மாதாந்தரப் புதுப்பிப்பை 30 நாள்கள் வரையிலும் தள்ளிவைக்கலாம். இன்ன வெளியீட்டிலேயே நிற்க வேண்டும் என்று எழுதிவைக்கவும் முடியும். கணக்கு முடிக்கும் மாதத்தில் இயங்குதளம் மாறி, அச்சுப்பொறி நின்றுபோனால் யார் பொறுப்பு? இந்த ஒரு காரணத்துக்காகவே, கணினியை நம்பித் தொழில் செய்யும் எவரும் ப்ரோ வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

விசைப்பலகை

நெடுநோக்கு அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தள்ளிவைக்கும் உரிமை ப்ரோவின் உண்மையான வலிமைகளுள் ஒன்று. ஆயினும் இதோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை சில உள்ளன.

ப்ரோ வாங்கினால் அதிக காலம் ஆதரவு கிடைக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படியில்லை. விண்டோஸ் 11-இன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஹோமுக்கும் ப்ரோவுக்கும் ஒரே அளவாக 24 மாதங்கள்தான் ஆதரவு; 36 மாதங்கள் கிடைப்பது என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கு மட்டுமே. அதேபோல், ப்ரோவில் குரூப் பாலிசி இருப்பதால் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். கணினியின் நிலையையும் பயன்பாட்டையும் பற்றி மைக்ரோசாஃப்டுக்குச் செல்லும் கண்டறிதல் தரவை முற்றிலும் நிறுத்தும் விதி என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில்தான் செல்லும். ப்ரோவில் அதைக் குறைந்தபட்ச அளவுக்குக் கொண்டுவரலாம், அவ்வளவுதான்; அந்தக் குறைந்தபட்சத்தை ஹோமில் அமைப்புகள் பக்கத்திலேயே தேர்ந்தெடுக்க முடியும். தனியுரிமைக்காக மட்டும் ப்ரோ வாங்க நினைப்பவர்கள் இதை அறிந்துகொண்டு வாங்குவது நல்லது.

பாதுகாப்புப் புதுப்பிப்பை 30 நாள்கள் தள்ளிவைப்பது ஒரு தனிநபருக்கு நன்மையா என்பதும் கேள்விக்குரியது. குறைபாட்டுக்கான திருத்தம் வெளியான நாளிலிருந்து, திருத்தாத கணினிகளைத் தாக்குவது எளிதாகிறது. பெரிய நிறுவனத்தில் சில கணினிகளில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புவதற்காகவே அந்த இடைவெளி உருவாக்கப்பட்டது. ஒரே கணினி வைத்திருப்பவர் சோதிப்பதற்கு வேறு கணினி இல்லை. எனவே பெரிய புதுப்பிப்பைத் தள்ளிவையுங்கள், மாதாந்தரத் திருத்தங்களை உடனே ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை.

நெடுநோக்கு

மாதாந்தரத் திருத்தங்களைப் பற்றிய கருத்தை ஏற்கிறேன். பெரிய புதுப்பிப்பைப் பற்றிய என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை.

வடிவமைப்பாளன்

காணொளித் தொகுப்புக்கு ப்ரோ வேண்டுமா என்று அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள் என்பதால் இதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். ஹோம் பதிப்பு 128 ஜிபி ரேம் வரை ஏற்கும். ப்ரோ 2 டிபி வரை ஏற்கும். ஹோமில் ஒரு செயலி மட்டுமே இயங்கும். ப்ரோவில் இரண்டு செயலிகள் பொருத்திய மதர்போர்டும் இயங்கும். இங்கே செயலி என்பது மதர்போர்டில் பொருத்தும் சில்லைக் குறிக்கிறது. அதற்குள் இருக்கும் கோர்களை அன்று. 16 கோர்கள் கொண்ட செயலியை ஹோம் முழுமையாகவே பயன்படுத்தும். மடிக்கணினி வாங்குபவர்கள் இந்த எல்லைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பழஞ்சுவடு

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று அறிந்தால் இப்போதைய எல்லைக்கோடும் விளங்கும். 2001 அக்டோபர் 25 அன்று வெளியான விண்டோஸ் எக்ஸ்பிதான் முதன்முதலில் ஹோம், புரொஃபெஷனல் என்று இரண்டாக வந்தது. அதற்கு முன் வீடுகளுக்கு 98, மில்லேனியம் என்ற வரிசையும், அலுவலகங்களுக்கு என்டி, 2000 என்ற வரிசையும் முற்றிலும் வேறுபட்ட அடித்தளங்களில் இயங்கின. எக்ஸ்பியில் இரண்டும் ஒரே அடித்தளத்துக்கு வந்துவிட்டதால், எதை எங்கே விற்பது என்று பிரிப்பதற்குச் சில வசதிகளை ஹோமில் மூடிவைக்க வேண்டியதாயிற்று. டொமைனில் இணைய முடியாது, ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்க முடியாது என்ற அன்றைய கோடுகள் இன்றுவரை அப்படியே நிற்கின்றன.

நகர்ந்த கோடு ஒன்று உண்டு, அது குறியாக்கம். விண்டோஸ் 7-இல் பிட்லாக்கர் அல்டிமேட், என்டர்பிரைஸ் பதிப்புகளில் மட்டுமே இருந்தது. புரொஃபெஷனல் வாங்கியவருக்குக்கூட அது கிடைக்கவில்லை. 2012-இல் விண்டோஸ் 8 ப்ரோவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு 8.1-இல் சாதனக் குறியாக்கம் என்ற பெயரில் அடிப்படைப் பதிப்பையும் எட்டியது. தன் கோப்புகளைப் பூட்டிவைக்கும் உரிமை வீட்டுப் பயனருக்கும் இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். அது இன்னும் ஒற்றைப் பொத்தானாக இல்லாமல், மீட்புச் சாவியை எங்கே வைப்பது என்ற தெரிவோடு ஹோமுக்கும் வர வேண்டும்.

விசைப்பலகை

முதல் பதிவில் பிறகு சொல்வதாகக் குறிப்பிட்ட காரணத்தை இப்போது எழுதுகிறேன். ஹோமிலிருந்து ப்ரோவுக்கு ஏறுவது எளிது, இறங்குவது கடினம். ப்ரோவின் பகுதிகள் இயங்குதளத்தோடு ஏற்கெனவே வந்துவிடுகின்றன என்பதால், அமைப்புகளில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குச் சென்று ப்ரோவுக்கான உரிமச் சாவியை உள்ளிட்டால், கணினி ஒருமுறை மறுதொடக்கம் ஆகி ப்ரோவாகிவிடும். கோப்புகளும் நிறுவிய மென்பொருள்களும் அப்படியே இருக்கும். ப்ரோவிலிருந்து ஹோமுக்குத் திரும்ப வேண்டுமானால் அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும். ஆகவே ஐயம் இருப்பவர்கள் ஹோமில் தொடங்கலாம். தேவை வந்த அன்று ஏறிக்கொள்ளலாம்.

அப்படி ஏறியவர்கள் பின்னொரு நாள் விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது ஒன்று நடக்கும். கணினியோடு வந்த ஹோம் உரிமச் சாவி மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நிறுவும் நிரல் அதைப் படித்து, எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்காமலே ஹோமை நிறுவிவிடும். அதைக் கண்டு, கட்டிய பணம் போய்விட்டது என்று பதற வேண்டாம். ஆக்டிவேஷன் பக்கத்திலுள்ள சிக்கல் தீர்க்கும் கருவியை இயக்கினால், அந்தக் கணினிக்கு ப்ரோவின் டிஜிட்டல் உரிமம் உண்டு என்பதைக் கண்டறிந்து மீண்டும் ஏற்றிவிடும். வாங்கிய ப்ரோ சாவியை உள்ளிட்டாலும் ஆகும்.

ஏட்டுச்சுவடி

என் முடிவை எழுதிவிடுகிறேன். புதிய மடிக்கணினியில் ப்ரோ: உள்ளகக் கணக்கோடு பிட்லாக்கர், பூட்டிய பென் டிரைவுகள், சாண்ட்பாக்ஸ் ஆகிய மூன்றும் என் தொழிலுக்கு வேண்டும். மேசைக் கணினி ஹோமிலேயே இருக்கட்டும். மாதத்தில் ஓரிரு முறை மட்டும் திறக்கும் தேவைக்குத் திசைமானி அவர்கள் சொன்ன மாற்று வழியே போதும். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ப்ரோவோடு வரும் கணினியை வாங்குவதா, ஹோமோடு வாங்கிவிட்டு ப்ரோ சாவியைத் தனியாக வாங்குவதா?

திசைமானி

இரண்டின் விலையையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் கணினியோடு சேர்ந்து வரும் ப்ரோவே சிக்கனமாக இருக்கும். ஆனால் கணினியோடு வந்த உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. அது பழுதாகிப் போனால் உரிமமும் அதனோடு போய்விடும். முழுப் பதிப்பாகத் தனியாக விற்கப்படும் சாவியைப் பழைய கணினியிலிருந்து நீக்கிப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

தனியாக வாங்குவதென்றால், நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த விலையில் இணையத்தில் கிடைக்கும் சாவிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பல, நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் மொத்தமாக வழங்கப்பட்ட உரிமங்களிலிருந்து பிரித்து விற்கப்படுபவை. வாங்கிய அன்று அவை செயல்படும். பின்னர் எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம். உங்கள் தேவைக்கு ப்ரோவோடு வரும் மடிக்கணினியையே வாங்குங்கள். வந்தவுடன், கோப்புகளை ஏற்றுவதற்கு முன்பே, பிட்லாக்கரை இயக்கிச் சாவியை அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.